அந்தத் தீவுக்கு வேற நிலாவா?

கோமாஸ் மலை
ஜூலை 9

அன்புள்ள ஒட்டீலியாவுக்கு அம்மா எழுதுறது. இங்க நான், உன் தம்பி எலியாக்கிம், ஆடுங்க எல்லாரும் சௌக்கியம். நீயும் சௌக்கியமாத்தான் இருக்கணும், உடம்புக்கு முடியாதவளுக்கு இவ்வளவு நேர்த்தியாப் பொய் எழுத வராது.

அப்பா கல்லறையில நட்ட பேர்க்கல்லைத் துணி விலக்கித் திறக்கிற சனிக்கிழமை உன்னால வர முடியாதாம், அந்த வாரம் ஸ்பெயின்காரங்க தீவுல இருக்கிற தொலைநோக்கியில உனக்கு ராத்திரி டூட்டியாம். அடேங்கப்பா! அந்தத் தீவுக்குன்னு தனியா ஒரு நிலா வாங்கி மாட்டியிருக்காங்களா? பதினெட்டு வருஷமா இங்க தொலைநோக்கிக்காரங்களுக்குச் சோளக்களி கிண்டிப் போடுறவடி நான். பௌர்ணமி வந்தா வெளிச்சம் ஆகாதுன்னு காமிராவை மூடிட்டு அத்தனை பேரும் குறட்டை விடுவாங்க, இல்லேன்னா விண்ட்ஹுக் டவுனுக்குப் போய் பீர் குடிப்பாங்க. அதனாலதானே பாஸ்டர் கையைக் காலைப் பிடிச்சு பௌர்ணமிச் சனிக்கிழமையாக் குறிச்சேன், என் மக வேலை கெடக் கூடாதேன்னு. நீ என்னடான்னா என்கிட்டயே நிலாக் கதை சொல்றே.

உன் பெருமையை நான் சொல்லாத ஆள் இல்ல. எங்கேயோ நட்சத்திரம் வெடிச்சு வர்ற காமா கதிர் நம்ம காத்துல மோதி நீலமா ஒரு மினுக்கு மினுக்குமாம், கண் இமைக்கிறதுக்குள்ள போயிடுமாம், அதையே என் மக பிடிச்சிடுவாளாம். அப்பா ஒன்பது மாசம் படுக்கையில கிடந்தது மட்டும் உன் கண்ணுல படல. அடக்கத்துக்கும் வரல. இப்ப வந்தா அத்தை சாரா நாலு பேர் நடுவுல கேப்பாளேன்னுதானே பயம்? கேப்பா. நானும் கேப்பேன். கேட்டுட்டு ஆட்டுக்கறி ஆக்கிப் போடுவேன்.

அவருக்குக் கோபமெல்லாம் இல்லடி. காலம் பூரா நம்ம மலைத் தொலைநோக்கிக்குக் கண்ணாடி மாட்டின மனுஷன், கடைசி வாரம்கூட ஒட்டீலியா இருக்கிற ஊருல இன்னைக்கு மேகமான்னு தினம் கேட்டார். இல்ல, நல்லா வெளுத்திருக்குன்னு நானும் தினம் பொய் சொன்னேன். உனக்கு இது எங்கிருந்து வந்துச்சுன்னு இப்ப தெரியுதா?

கல்லு மேல போட்ட துணியை மூத்த பிள்ளைதான் இழுக்கணும். எலியாக்கிம் நான் இழுக்கிறேன்னு குதிக்கிறான், கையை ஒடிச்சிடுவேன்னுட்டேன். நீ வரலேன்னா பாஸ்டரும் ஊரும் சாப்பிட்டுட்டுப் போகட்டும், கல்லு மூடியே நிக்கும். அடுத்த பௌர்ணமிக்கும் நிக்கும், அதுக்கடுத்ததுக்கும் நிக்கும். நான் காலண்டரைப் பார்த்துட்டேன்.

ஆண்டவர் உன் போக்கையும் வரவையும் காக்கட்டும். அங்க வெயில்னு மெல்லிசு சட்டையோட வந்து நிக்காதே, பூமிக்குத் தெக்குப் பக்கம் இங்க ஜூலையிலதான் குளிர் காலம். அப்பாவோட கம்பளிச் சட்டை துவைக்காம அப்படியே வெச்சிருக்கேன், உனக்குத்தான்.

உன் அம்மா
எல்ஃப்ரீடா