நூற்றைம்பத்தைந்தாம் நம்பர் ஜெட்

செப்டம்பர் 8, திங்கள்

காலை அளவீட்டை அனுப்பி முடித்ததும் அண்ணன் போன் செய்தான். அவன் குடும்பத்தோடு வெளிநாட்டில் குடியேற விசா வந்துவிட்டது. இருபத்தெட்டாம் தேதி இரவு விமானம். அம்மாவும் அவர்களோடு போகிறாள். "மூணு மாசமா சொல்லிட்டுத்தான் இருக்கேன். நீதான் 'ம்'முனு கேட்டுட்டு வெச்சுடற" என்றான். உண்மைதான்.

இந்த வானிலை நிலையம் மூவாயிரத்து நானூறு மீட்டரில் இருக்கிறது. அம்மாவின் இதயத்துக்கு இந்த உயரம் ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் விமான நிலையம் போகும் வழியில் அடிவாரத்து ஊரில் நிற்பார்கள், பன்னிரண்டிலிருந்து மூன்று வரை. நான் இறங்கிப் போய்ப் பார்க்க வேண்டும்.

எதில் போவது? மண் சரிந்த நாளிலிருந்து பஸ் இல்லை. சரிந்த மண்மீதும் ஏறிவரும் சாமான் ஜீப் புதன்கிழமை மட்டும்தான். ஒரு நாள் என்றால் கீழ்க் குடிலில் இருக்கும் நிலையத்துக் காவலாளி எனக்குப் பதிலாக அளவீடு எடுப்பார், ஜீப்பில் போய்வர ஒரு வாரம் ஆகும், அதற்கு யாரும் விடமாட்டார்கள். மிச்சம் இருப்பது கொட்டகையில் நிற்கும், கரட்டுப் பாதைக்கான டர்ட் பைக். எனக்கு முன் இங்கே இருந்தவர் விட்டுப்போன பழைய டூ-ஸ்ட்ரோக். கல்லூரி நாட்களில் அண்ணனுடைய வண்டியை அவனுக்குத் தெரியாமல் ஓட்டியிருக்கிறேன். அந்தத் திருட்டுக் கல்வி இப்போது உதவட்டும்.

செப்டம்பர் 9

பதினேழு உதைக்குப் பிறகு கிளம்பியது. முறுக்கினால் இருமல், கரும்புகை. ஏற்றத்தில் என் நடையே அதைவிட வேகம். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினேன். கரி, அதுவும் ஈரக் கரி.

செப்டம்பர் 10, புதன்

ஜீப்காரர் நின்று வேடிக்கை பார்த்தார். "ஈர விறகை அடுப்புல வெச்ச மாதிரி இருக்கே!" அடிவார ஊரில் உள்ள உதிரிபாகக் கடையின் நம்பரைக் கொடுத்துவிட்டுப் போனார்.

அந்த நம்பரை அழைக்க அரை நாள் தயங்கினேன். எழுதும்போதே வெட்கமாக இருக்கிறது. எடுத்தவள் என் வயதுப் பெண்.

"எவ்ளோ உயரம்?"

சொன்னேன்.

"அங்க மனுஷங்களே பாதி மூச்சுதான் விடுவாங்க, வண்டி என்ன பண்ணும்! காத்து கம்மி, பெட்ரோல் மட்டும் கீழ குடிச்ச அதே அளவு. கார்புரேட்டரைக் கழட்டி உள்ள மெயின் ஜெட் என்ன நம்பர்னு பார்த்துச் சொல்லுங்க, வானிலை மேடம்."

செப்டம்பர் 11

நூற்றெழுபது. ஜெட் என்பது பித்தளையில் ஒரு சின்னத் திருகு, நடுவில் பெட்ரோல் போகத் துளை. துளையின் அளவுதான் நம்பர். நகம் அளவு பொருளுக்குள் இவ்வளவு தகராறு.

செப்டம்பர் 17, புதன்

ஜீப்பில் பொட்டலம் வந்தது. நூற்றறுபத்தைந்து, நூற்றறுபது, நூற்றைம்பத்தைந்து, மெதுவாக ஓடும்போது வேலை செய்யும் ஒரு பைலட் ஜெட். காகிதத்தில் அவள் கையெழுத்து: "ஒண்ணு ஒண்ணா இறங்குங்க. ஒவ்வொரு தடவையும் பிளக் கலரைப் பாருங்க. அவசரப்பட்டா அவ்ளோதான்."

செப்டம்பர் 19

நூற்றறுபத்தைந்து: இருமல் குறைந்தது. நூற்றறுபது: புகை குறைந்தது. விரல்களில் பெட்ரோல் வாசனை, சோப்புக்குப் போகவில்லை. சாப்பிடும்போது எதிரில் யாராவது இருந்தால் முகம் சுளித்திருப்பார்கள்.

செப்டம்பர் 21, ஞாயிறு

நூற்றைம்பத்தைந்து. பெட்ரோல் இன்னும் குறைய கார்புரேட்டர் ஊசியை ஒரு பள்ளம் கீழே இறக்கினேன், காற்று கூட ஏர் ஸ்க்ரூவை அரைச் சுற்று வெளியே எடுத்தேன். மேட்டுப் பாதையில் மூன்றாவது கியரில் ஏறியது! உச்சியில் நின்று கத்தினேன். கேட்க ஆளில்லாத இடத்தில் கத்துவது விசித்திரம், முடிந்ததும் முன்னைவிட அமைதியாகிவிடுகிறது.

கடைக்காரிக்குப் போன் செய்தேன். "பிளக் என்ன கலர்?" "பால் கம்மியா ஊத்தின டீ." "அடி சக்கை! மெக்கானிக்காவே ஆயிட்டீங்க. அப்புறம் மேடம், இன்னொரு விஷயம் —" "சரிங்க, ரொம்ப நன்றி" என்று வைத்துவிட்டேன். பேச்சு எங்கே முடியும் என்று தெரியாவிட்டால் பயம் வருகிறது. நானே முடித்துவிடுகிறேன்.

செப்டம்பர் 25

நான் இந்த வேலைக்குக் கிளம்பியபோது அம்மா கேட்டாள்: "யாருமே இல்லாத இடத்துக்குப் போறியே, எங்க மேல என்னடி கோவம்?" கோபம் இல்லை. ஆனால் அதைச் சொல்லாமல் பெட்டியை மூடினேன். பதினோரு மாதமாக ஞாயிறுதோறும் நான்கு நிமிடம் சாப்பாடு, உடம்பு, குளிர் என்று பேசி வைத்துவிடுகிறோம். முகத்தைப் பார்த்தால் சொல்லிவிடுவேன் என்று நம்புகிறேன். ஊரில் எனக்குத் தெரிந்த ஒரே முகவரி உதிரிபாகக் கடைதான். அவர்களை அங்கேயே வந்து காத்திருக்கச் சொல்லியிருக்கிறேன்.

செப்டம்பர் 28, ஞாயிறு

பார்க்கல. போயிட்டா.

செப்டம்பர் 29

இப்போது எழுதலாம்.

எட்டரைக்குக் கிளம்பினேன். மண்சரிவில் பைக்கைத் தள்ளிக் கடக்கவே ஒன்றரை மணி நேரம். கீழே நல்ல சாலை. தாமதமாகிவிட்டதே என்று முழுக்க முறுக்கினேன். இத்தனை நாளில் அது அவ்வளவு அழகாக ஓடியதே இல்லை. சத்தம் கூர்மையாகி, லேசாகி, மேலே மேலே போனது. எனக்குச் சிரிப்புகூட வந்தது. திடீரென்று பின்சக்கரம் அப்படியே பூட்டிக்கொண்டது. கை தன்னால் கிளட்சைப் பிடித்ததால் விழவில்லை.

மணி பதினொன்றே கால். ஊருக்கு இன்னும் இருபத்தொரு கிலோமீட்டர். சிக்னல் இல்லை. பஸ் நின்றுபோன சாலையில் வேறு யார் வருவார்கள்? இன்ஜின் ஆறட்டும் என்று காத்திருந்து உதைத்தேன், உதைத்தேன். பன்னிரண்டுக்கு நடக்க ஆரம்பித்தேன். அங்கே அம்மா உட்கார்ந்திருக்கிறாள், இங்கே நான் நடக்கிறேன். என்ன பெரிய படிப்பு படிச்சேன் நான்? காற்றழுத்தம் அளக்கிறதுதானே என் வேலை! கீழே இறங்கினால் காற்று கூடும்னு எனக்குத் தெரியாதா?

மூன்று பத்துக்குச் சிக்னல் வந்தது. "கார் கிளம்பிடுச்சுடி" என்றாள் அம்மா. "அடி கிடி படலையே?" "இல்லம்மா." "கார்ல ஏற மாட்டேன்னு நின்னேன். ப்ளைட் போயிடும்னு அண்ணன்…" பத்திரமாகப் போய்ச்சேர் என்று மட்டும் சொன்னேன். அவள் வைக்கும்வரை காதிலேயே வைத்திருந்தேன்.

நான்கு மணிக்குக் கடைக்காரி பிக்கப்பில் வந்தாள். ஒல்லி, கழுத்தில் துண்டு.

"மேல போட்ட ஜெட்டோட யாராச்சும் கீழ இறங்குவாங்களா? காத்து கூடும், பெட்ரோல் பத்தாது, சூடேறி பிஸ்டன் பிடிச்சுக்கும். அதைத்தான் அன்னைக்குச் சொல்ல வந்தேன். டப்புனு வெச்சுட்டீங்க."

"தப்புதான்."

"ஒரு மணிக்கே எனக்குச் சந்தேகம். வண்டி லோடு போயிருந்துச்சு, மூணுக்குத்தான் திரும்புச்சு." கொஞ்சம் தூரம் போனபின், "உங்கம்மா மூணு மணி நேரம் என் ஸ்டூல்லதான் உட்கார்ந்திருந்தாங்க. எல்லா டப்பாவையும் காட்டி இது என்ன, அது என்னன்னு கேட்டாங்க. என் நம்பரையும் வாங்கிக்கிட்டாங்க. நல்லா பேசறாங்க. நீங்க யார் மாதிரி?"

மேலே போய் பைக்கை ஏற்றிக்கொண்டு திரும்பினோம், அவள் வீட்டில் தூங்கினேன். இன்று காலை சரிவு வரை கொண்டுவந்து விட்டாள். மீதிப் பன்னிரண்டு கிலோமீட்டர் நடை.

அக்டோபர் 7

அளவீடுகள் அனுப்பினேன். யாரோடும் பேசவில்லை.

அக்டோபர் 22, புதன்

பைக்கின் சிலிண்டரைக் குடைந்து பெரிதாக்கிப் புது பிஸ்டன் போட்டாயிற்றாம். ஜீப்பின் பின்னால் கட்டி ஏற்றி அனுப்பியிருக்கிறாள். கூடவே காகிதம்: "முதல் ஐந்நூறு கிலோமீட்டர் மெதுவா. இறங்கறதுக்கு முன்னாடி ஜெட்டை மாத்துங்க. மறந்தா நான் வர மாட்டேன்."

நவம்பர் 16, ஞாயிறு

சரிவைத் தாண்டியதும் சாலையோரம் நிறுத்தி, நூற்றைம்பத்தைந்தைக் கழற்றி நூற்றெழுபதைப் போட்டேன். ஊசியையும் ஏற்றினேன். பதினெட்டு நிமிடம். பிறகு கடை வரை நிதானமாக இறங்கினேன்.

அங்கே சிக்னல் நன்றாக இருக்கிறது. அம்மா வீடியோ காலை எடுத்தாள். பின்னால் பெரிய கண்ணாடி ஜன்னல், அதில் வானம் மட்டும். பதினெட்டாவது மாடி. "ஜன்னலைத் திறக்க முடியாதாம்டி. இவங்க எல்லாரும் வேலைக்குப் போயிட்டா வீட்ல நானும் பிரிட்ஜும்தான். அதுதான் அப்பப்போ 'உர்'ருங்குது." சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

"கையில என்னடி கறுப்பா?"

"ஜெட் மாத்தினேம்மா."

"அதை எதுக்கு மாத்தணும்?"

முதலிலிருந்து சொன்னேன். உயரத்தில் காற்று எப்படி மெலியும், துளை ஏன் சிறிதாக வேண்டும், பதினேழு உதை, ஈரக் கரி, உச்சியில் நின்று கத்தியது. கடைக்காரி ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுச் சாப்பிடப் போனாள். எவ்வளவு நேரம் ஆயிற்று என்று பார்க்கவில்லை. அந்தப் பக்கம் சத்தமே இல்லை, முகமும் அசையவில்லை. லைன் போய்விட்டது என்று நினைத்து நிறுத்தினேன்.

"இருக்கேன், சொல்லு" என்றாள் அம்மா.