சர்வரைத் தொடாதீங்க

ஏங்க, பழைய சர்வர்ல லினக்ஸ் ஏறிக்கிட்டிருக்கு, பாதி தாண்டிருச்சு. பதுளை பஸ் ஹார்ன் அடிக்குது, நான் ஓடுறேன். ரொட்டியும் சம்பலும் மூடி வச்சிருக்கேன். சுவிட்சை மட்டும் தொட்டுறாதீங்க.

உங்க அண்ணன் காலையில போன் பண்ணினாரு. பசறை ஸ்டூடியோவுல புது மெஷின் செத்துப்போச்சாம். ஊர்க் கல்யாண வீடியோ எல்லாம் நமக்கு வித்த இந்தப் பழசுல மட்டும்தான் இருக்காம். "எதையும் அழிச்சிடாத தங்கச்சி"ன்னு அழுதாரு. "அழிக்கவான்னு மெஷின் கேட்டுச்சு, ஆமான்னு அமுக்கிட்டேன்"னு சொல்லி போனை வச்சிட்டேன். இப்ப ஓடி வந்துக்கிட்டிருக்காரு.

இதை விக்கிறப்ப ஸ்டூடியோ நிறைய ஆளுங்க முன்னாடி, "தேயிலைக் கொழுந்து கிள்ளுற கைக்கு சர்வர் எதுக்கு?"ன்னு கேட்டாரே. நீங்களும் சேர்ந்துதானே சிரிச்சீங்க. வந்தா உட்கார வைங்க. பிளேன்டீ கொடுங்க, சீனி வேணாம்.

சுதர்சினி

பி.கு.: தாளை இந்தப் பக்கம் திருப்புறதுக்குள்ள அவருக்குப் போன் போட்டிருப்பீங்க, ரெண்டு பேருக்கும் நல்லா வேர்த்திருக்கும். அழிஞ்சது நான் வாங்கி மாட்டின வேற டிஸ்க். அவரோட டிஸ்க் ரெண்டையும் முந்தாநாளே கழட்டிட்டேன். தேடாதீங்க, ரெண்டும் என் கைப்பையில பஸ் ஏறிருச்சு. சாயங்காலம் வரைக்கும் சேர்ந்து சிரிச்சிக்கிட்டிருங்க.