குவைத்திலிருந்து மூன்று மணி நேரம்

அன்புத் தம்பி ரிஃபத்துக்கு,

அக்கா ஸனீயாவின் சலாம். அங்கே வெயில் எப்படி? உன் நெஞ்செரிச்சல் குறைந்ததா? எழுத்து கோணலாக இருக்கிறதே என்று திட்டாதே, இடது கையால் எழுதுகிறேன். காரணம் பின்னால் வருகிறது. என் போனைப் பெரியப்பா பிடுங்கி வைத்துக்கொண்டார். திங்கட்கிழமை குவைத்துக்குத் திரும்பும் வாத்தியார் மகனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

வியாழக்கிழமைக்கு டிக்கெட் எடுத்துவிட்டாயாம். மௌஜூத் பெரியப்பா ஸோஹாக் டவுன் வரைக்கும் போய்ச் சொல்லித் திரிகிறார். "ஆயிரத்து அறுநூறு கிலோமீட்டர்தான், மூணே மணி நேரம். மத்தியானம் சாப்பிட்டு ஏறினான்னா, இருட்டறதுக்குள்ள அண்ணன் ரத்தத்துக்குப் பதில் சொல்லிடுவான்" என்கிறார். எருமைக் கொட்டகை வைக்கோலுக்குள் துப்பாக்கி ஒளித்து வைத்திருக்கிறார், உனக்காக. தன் மூன்று மகன்களுக்காக இல்லை. அண்ணனை வெட்டிய பக்ரியின் வீடு அவர்கள் வாசலிலிருந்து நாற்பது எட்டுத் தூரம்தான். அந்தத் தடியன்களுக்கு விமானமே வேண்டாம். கேட்டால், கூடப்பிறந்தவன் கைதான் பழி தீர்க்க வேண்டுமாம்.

நீ அன்றைக்கு இங்கே இல்லை, நான் இருந்தேன். வாய்க்கால் தண்ணீர் யார் முறை என்பதுதான் சண்டை. முதலில் கழுத்தைப் பிடித்தது நம் ஷஹாத் அண்ணன். பக்ரியின் தலையைத் தண்ணீருக்குள் அமுக்கினான், நான் கத்தியும் விடவில்லை. பக்ரி கைக்கு மண்வெட்டி அகப்பட்டது. ஒரே வெட்டு. அண்ணன் கழுத்தை இரண்டு கையாலும் பொத்தினேன், விரலிடுக்கில் ரத்தம் வந்துகொண்டே இருந்தது. அந்த நிமிஷம் மண்வெட்டி என்னிடம் இருந்திருந்தால் நானும் வெட்டியிருப்பேன். பொய் சொல்ல மாட்டேன். போலீஸ் வந்தபோது இரண்டு வீட்டிலும் யாரும் வாய் திறக்கவில்லை. நம் ஆட்களைப் பற்றித்தான் உனக்குத் தெரியுமே.

போன வெள்ளி, தொழுகை முடிந்ததும் பக்ரி வந்தான். தலையில் துணி இல்லை, காலில் செருப்பு இல்லை. தன் பிணத்துக்குச் சுற்ற வேண்டிய கஃபன் துணியை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்து மண்டியிட்டான். "கொல்றதுன்னா இதுல சுத்திப் புதைச்சிடுங்க, மன்னிக்கிறதுன்னா வாங்கிக்கங்க" என்றான். வாங்கியிருந்தால் பகை அங்கேயே முடிந்திருக்கும். வாங்கவிடாமல் பெரியப்பா அவனை விரட்டச் சுட்டார். பக்ரியின் காது பிய்ந்து தொங்கியது. அவன் ஆட்கள் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். சேற்றில் கிடந்த துணியை நான் எடுத்தேன். "ரத்தத்துக்கு உரியவன் குவைத்துல இருக்கான், அதைத் தொட நீ யாருடி?" என்று பெரியப்பா தடியால் அடித்தார். வலது மணிக்கட்டு முறிந்தது. ஆனாலும் துணியை விடவில்லை.

தம்பி, மூன்று மணி நேரம் என்பது வருவதற்குத்தான். பக்ரியைச் சுட்டால், ஜெயில் கழிந்து நீ திரும்பிப்போக இருபத்தைந்து வருஷம். போலீஸ் பிடிப்பதற்குள் அவன் தம்பிமார் உன்னைச் சுட்டால், திரும்பிப் போவதே இல்லை. எனக்குக் கோபம் இல்லையென்று நினைக்காதே. ஷஹாத்தை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. ஆனால் இன்னொரு கழுத்தைப் பொத்த எனக்குக் கை இல்லை.

அந்த டிக்கெட்டைக் கிழித்துப் போடு. வந்தே தீருவேன் என்றால் கொட்டகைப் பக்கம் போகாதே, நேரே என்னிடம் வா. பக்ரியை மறுபடி வரச் சொல்லி, அந்தக் கஃபனை அவன் கையில் கொடுக்கிறேன். ஊர் முன்னால் உன் கையால் வாங்கிக்கொள். துணியைத் துவைத்து, மாவுப் பானைக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். நேற்று அதை விரித்து, மேலே உன் பழைய ஜல்லாபியா அங்கியைப் போட்டுப் பார்த்தேன். அளவு உனக்கும் சரியாக இருக்கிறது.

ஒற்றைக் கையை ஏந்தி உன் உயிருக்காக துஆ கேட்கும்,
அக்கா ஸனீயா