இரண்டு பேருக்கு எடுத்த கூடார இடம்

மச்சாள்,

நேற்று வேலை முடிந்து வரும்போது, ஸ்டேஷன் பக்கத்துத் தமிழ்க் கடையில் பச்சைமிளகாய் வாங்க நின்றேன். ஒரு அக்கா என் கையில் ஒரு பையைத் திணித்தார். உள்ளே மயில்கழுத்து நிறத்தில் சேலைச் சட்டைத் துணியும் அளவுக்கு ஒரு பழைய சட்டையும் இருந்தன. பழைய சட்டையில் அலுமாரிக்குள் போடும் பூச்சி உருண்டையின் மணம்.

"பிள்ளை, நீர் பிரான்ஸ் போறீராம். லாச்சப்பல்ல குடுத்தா ரெண்டு நாளில தச்சுத் தருவினம். கழுத்தை மட்டும் கொஞ்சம் இறக்கச் சொல்லும்" என்றார்.

நான் தலையாட்டினேன். பாரிஸின் அந்தத் தமிழ்க் கடைத்தெருவுக்கு நான் போகவில்லை, ரயில் மாறுவதற்கு மட்டுமே அந்த நகரத்தில் இறங்குகிறேன் என்று சொல்ல வேண்டியிருந்தது. சொல்ல வரவில்லை. பையுடன் எஸ்-பான் ரயிலில் ஏறி உட்கார்ந்தபோது அந்த உருண்டை மணத்தில் உன் நினைவு வந்தது. போன வருடமும் இப்படித்தான் பைகள் வந்தன. அப்போது பதில் சொல்ல நீ இருந்தாய்.

"அக்கா, நாங்கள் போறது கடக்கரைக்கு. அங்க மீன்தான் இருக்கு. மீன் சட்டை தைக்காது" என்று நீ சொன்னதும், பை தந்த பெண் சிரித்துக்கொண்டே பையைத் திரும்ப வாங்கிக்கொண்டார். அதே வசனத்தை நான் சொன்னால் சண்டைக்கு வருவது போலக் கேட்டிருக்கும்.

அந்தத் திட்டத்தை நீ எங்கள் வீட்டில் முதலில் சொன்ன நாள் ஞாபகம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை. அப்பா இறைச்சி வெட்டிக்கொண்டிருந்தார். மேற்குப் பிரான்ஸில் கடலோரமாக ஒரு சின்னப் பட்டினம், யூலையில் நான்கு நாள் பாட்டு விழா, பாடுகிறவர்கள் எல்லாரும் பிரெஞ்சில் மட்டும்தான் பாடுவார்கள், நானும் இவளும் போகிறோம், கூடாரம் போட்டு இருப்போம் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தாய்.

அப்பா கத்தியை வைத்துவிட்டார்.

"நான் இந்த நாட்டுக்கு வந்து ஒண்டரை வருசம் முகாமில கிடந்தனான். அதில மூண்டு மாசம் கூடாரம். ஆராவது காசு குடுத்துக் கூடாரத்தில படுப்பினமோ?"

"மாமா, அது அவங்கள் தந்த கூடாரம். இது நாங்கள் தெரிஞ்செடுத்த கூடாரம்."

"வித்தியாசத்தை மழையிட்டைக் கேள்."

அன்று பின்னேரமே பாரிஸிலிருந்து சித்தப்பா தொலைபேசியில் வந்தார். அவருக்கு யார் சொன்னார்கள் என்று தெரியாது. எங்கள் ஆட்களுக்குள் ஒரு பயணம் இரகசியமாக இருந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. தன் வீடு இருக்கும்போது தன் அண்ணனின் பிள்ளை வெளியில் படுப்பதா என்று அவர் கோபப்பட்டார். தினமும் தன் வீட்டிலிருந்தே போய் வரலாம் என்றார். தூரத்தை நீ சொன்னாய். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப நாங்களும் வாறம், வான் ஒண்டு பிடிப்பம்" என்றார். அந்த வானை நிறுத்த உனக்கு இரண்டு கிழமை எடுத்தது.

உனக்கு அந்த மொழி வீட்டு மொழி மாதிரி. பாரிஸுக்கு வடக்கே ஒரு புறநகரில் பத்து வயது வரை வளர்ந்தாய். உன் அப்பாவுக்கு ஹம்பேர்க்கில் வேலை கிடைத்ததும் இங்கே வந்தீர்கள். எனக்கு அந்த மொழியில் இருந்ததெல்லாம் நீ எஸ்-பானில் மற்றவர்களுக்கு விளங்காமல் என்னிடம் கதைத்தவையும் பாட்டுகளும்தான். எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் ஒருவரைப் பிரியலாம், மழையில் காத்திருக்கலாம், கடலைப் பார்த்து அழலாம். கழிப்பறை எங்கே என்று கேட்பது எந்தப் பாட்டிலும் இல்லை.

உன் அறையில் பாடிப் பழகினோம். நீ சரணம், நான் பல்லவி. கதவைப் பூட்டிவிட்டுத்தான் பாடுவேன். அப்போதும் என் குரல் வெளியே வராது.

"பாடினியோ, இல்லை மீன் மாதிரி வாயைத் திறந்தியோ?"

"பாடினனான்."

"அப்ப மீனும் பாடும்."

நீ மற்றவர்களைப் போல "ஏன் கதைக்கிறாயில்லை?" என்று என்னைக் கேட்டதே இல்லை. ஒன்பதாம் வகுப்போடு நான் பள்ளிக்கூடத்தை விட்டபோது வீட்டில் எல்லாரும் காரணம் தேடினார்கள். காரணம் சின்னது. இங்கே வகுப்பில் கையை உயர்த்திக் கதைத்தால்தான் பாதிப் புள்ளி. எழுத்துப் பரீட்சையில் நான் வாங்கியதை வாய் தின்றுவிடும். பிறகு ஹோட்டல்களின் படுக்கை விரிப்புகளைத் துவைக்கும் இடத்தில் சேர்ந்தேன். அங்கே இயந்திரச் சத்தத்தில் யாரும் யாரோடும் கதைப்பதில்லை. எனக்கு அது பிடித்திருந்தது. நீ ஒருநாள் என் சம்பளத்தில் வாங்கிய ஐஸ்கிரீமை நக்கிக்கொண்டே சொன்னாய்: "கதைக்காட்டிப் புள்ளி வெட்டுற நாட்டில, கதைச்சா ஏச்சு விழுற வீட்டில பிறந்திட்டாய். நீ என்ன செய்வாய்?" என் விடயத்தை அதற்கு மேல் யாரும் சரியாகச் சொன்னதில்லை. பாட்டு விழாவுக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போக நீ சொன்ன காரணமும் அதே மாதிரித்தான். "அங்க ஒருத்தரும் உன்னட்டைப் பதில் கேக்க மாட்டினம். எல்லாரும் ஒரே சொல்லைத்தான் சொல்லுவினம். நீயும் சொல்லு."

பிறகு யூனில் உன் இரத்தப் பரிசோதனை. அதைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை, உனக்குத் தெரிந்ததுதான். விழா நடந்த நாட்களில் நீ ஆஸ்பத்திரியில் இருந்தாய். அங்கே பாடுவதை நேரடியாகக் காட்டுகிறார்கள் என்று கைத்தொலைபேசியை நீட்டினேன். வேண்டாம் என்று கையால் காட்டினாய். "அடுத்த வருசம் நேர பாப்பம். இப்பவே பாத்தா என்ன ருசி?" என்றாய். தொண்டை புண்ணாகி, காற்று மட்டும்தான் வந்தது. இரண்டு டிக்கெட்டையும் கூடார இடத்தையும் அடுத்த வருடத்துக்கு மாற்றியாயிற்று என்றும் சொன்னாய். நீ எப்படி மாற்றினாய் என்று நான் கேட்கவில்லை.

செப்ரெம்பரில் நீ போய்விட்டாய். எரிக்கும் இடத்து மண்டபத்தில் எங்களுக்குத் தந்த நேரம் குறைவு, அதனால் ஐயர் வேகமாகச் செய்தார். எல்லாரும் தேவாரம் பாடினார்கள். நான் வாயை மட்டும் அசைத்தேன். அதைக் கண்டுபிடிக்கக் கூடிய ஒரே ஆளான நீ அன்று பெட்டிக்குள் இருந்தாய்.

இந்த மே மாதம், டிக்கெட் இந்த வருடத்துக்குச் செல்லும் என்று விழாக்காரரிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. இரண்டு பேர், நான்கு நாள். எனக்குப் பதினெட்டு முடிந்துவிட்டது, சட்டப்படி யாரிடமும் கேட்கத் தேவையில்லை. எங்கள் வீட்டில் அந்தச் சட்டம் ஓடாது. அம்மாவிடம் காட்டினேன்.

"உனக்கென்ன விசரோ? அண்ணை வீட்டில ஆட்டைத் திவசம் இன்னும் முடியேல்லை. அதுக்குள்ள பாட்டும் கூத்துமோ? உன்ர மாமியின்ர முகத்தில நான் எப்பிடி முழிக்கிறது?"

அம்மா சொன்னது பிழையில்லை. ஒரு வருடம் முடிந்து அந்தத் திவசம் செய்யும் வரை உங்கள் வீட்டில் தீபாவளி இல்லை, பொங்கல் இல்லை. மாமி ஒரு கலியாண வீட்டுக்கும் போகவில்லை. நாங்களும் அப்படித்தான் இருந்தோம். ஆனால் நான் பதில் சொல்லாமல் அப்படியே நின்றுகொண்டிருந்தேன். அது எனக்கு நன்றாக வரும். மூன்றாம் நாள் அம்மா இறங்கி வந்தார். போகலாம், ஆனால் பாட்டு விழா என்று ஒருவருக்கும் சொல்லக் கூடாது. பாரிஸில் கோயிலுக்கும் சித்தப்பா வீட்டுக்கும் போவதாகத் தானே எல்லாருக்கும் சொல்லிவிடுவதாகச் சொன்னார்.

அம்மா செய்த பிழை அதுதான். கடற்கரை என்றால் தந்ததையும் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். பாரிஸ் கோயில் என்றதும் ஊர் முழுக்கப் பை கட்டத் தொடங்கியது. சட்டைத் துணி, ஒருவரின் தங்கைக்குக் கோப்பித்தூள், இன்னொருவருக்கு முழங்கால் வலிக்குப் பூசும் மருந்து. அம்மாவே விறாந்தையில் அவற்றை அடுக்கிவிட்டு, "இதெல்லாம் எப்பிடிக் கொண்டு போவாய்?" என்று என்னைக் கேட்டார்.

போன கிழமை மாமி தொலைபேசி எடுத்தார். மாமி எனக்கு நேரே எடுப்பதில்லை.

"கோயிலுக்குப் போறியாம், பிள்ளை. எங்களுக்கு இப்ப போகேலாது. அவளின்ர பேரில ஒரு நெய்விளக்கு ஏத்திவிடு."

"ஓம் மாமி" என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

மற்றப் பைகளைத் தூக்கிக்கொண்டு போகலாம், திரும்பக் கொடுக்கலாம். விளக்கை என்ன செய்வது? ஏற்றினேன் என்று மாமியிடம் வந்து சொல்ல வேண்டும். உன் பெயரில் அப்படி ஒரு பொய்யைச் சொல்ல என்னால் முடியும் என்று தோன்றவில்லை. உண்மையைச் சொன்னால் மாமி போக வேண்டாம் என்பார், அத்தோடு பயணமும் முடிந்துவிடும். இரண்டு நாள் விரிப்புகளை மடித்துக்கொண்டே இதை யோசித்தேன். சனிக்கிழமை உங்கள் வீட்டுக்குப் போனேன்.

மாமி குசினி மேசையில் பயற்றங்காய் முறித்துக்கொண்டிருந்தார். உன் கதிரையில் சட்டி இருந்தது. நான் நின்றபடியே சொன்னேன். "நான் கோயிலுக்குப் போகேல்லை, மாமி." பிறகு டிக்கெட்டைப் பற்றியும் சொன்னேன். சேர்த்து ஐந்தாறு வசனம் இருக்கும். என் வாழ்க்கையில் ஒரே தடவையில் நான் அவ்வளவு கதைத்ததில்லை.

மாமி முறிப்பதை நிறுத்தவில்லை.

"தெரியும். ஆஸ்பத்திரியில இருந்து போன் எடுத்து அதுகளை இந்த வருசத்துக்கு மாத்தினது ஆரெண்டு நினைக்கிறாய்? அவளுக்குக் குரலில்லை. பக்கத்தில இருந்து கையால காட்டினவள், நான் கதைச்சனான். கொம்மா கோயில் எண்டு சொன்னவுடன எனக்கு விளங்கீற்றுது. நீயா வந்து சொல்லுறியோ எண்டு பாத்தனான்."

மாமி ஒரு காம்பைக் கிள்ளிப் போட்டார்.

"அவளுக்காண்டியோ போறாய்?"

ஓம் என்றுதான் சொல்ல வந்தேன். எல்லாரும் ஏற்றுக்கொள்ளக் கூடிய காரணம் அது ஒன்றுதான். அம்மா முன்னால் நின்றபோதும் மனதுக்குள் அதையே சொல்லிக்கொண்டேன்.

"அப்பிடியெண்டா போகாத" என்றார் மாமி. "செத்த பிள்ளைக்காக வெயிலுக்க நிண்டு பாட்டுக் கேக்கத் தேவையில்லை. அவளுக்குச் செய்யவேண்டியதை நான் இஞ்ச செய்துகொண்டிருக்கிறன். உனக்குப் போக விருப்பமோ?"

மச்சாள், அந்தக் கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதில்லை. நீயும் கேட்கவில்லை. நீ கூட்டிக்கொண்டு போவதாகச் சொன்னாய், நான் வருவதாகச் சொன்னேன். மாமி ஒரு பிடி பயற்றங்காயை முறித்து முடித்து அடுத்ததை எடுத்தார். அவர் அவசரப்படவில்லை.

"விருப்பம்" என்றேன்.

"அப்ப போ. ஆட்டைத் திவசம் எனக்கு. உனக்கில்லை. பைகளை அந்தந்த ஆக்களிட்டைத் திருப்பிக் குடு. கொம்மாவுக்கும் நீயே சொல்லு, நான் சொல்ல மாட்டன்." பிறகு சட்டியை என் பக்கம் தள்ளினார். மிச்சத்தை இருவரும் முறித்தோம்.

அம்மாவுக்குச் சொன்னேன். அவர் அழுதார், ஏசினார், பிறகு மழைச்சட்டை வாங்க வேண்டும் என்றார். பைகள் இன்னும் வீட்டில் இருக்கின்றன. ஒவ்வொரு வீடாகப் போக வேண்டும். நேற்று வந்ததோடு இன்னும் ஒன்று கூடிவிட்டது.

உன் டிக்கெட்டை விழாக்காரர் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். கூடார இடத்தை மட்டும் இரண்டு பேரிலிருந்து ஒருவராக மாற்ற வேண்டியிருந்தது, அதைத் தொலைபேசியில் மட்டும்தான் செய்வார்களாம். மாமியிடம் கேட்டிருக்கலாம். இன்று மத்தியானம் வேலையிடத்துப் பின்வாசலில், சாமான் ஏற்றும் வண்டிகளுக்கு நடுவே நின்று நானே எடுத்தேன். ஒரு பெண் பிரெஞ்சில் கதைத்தார். உன் பெயரைச் சொல்லி, இந்த ஆள் வரவில்லை, நான் மட்டும் வருகிறேன் என்றேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. தட்டச்சுச் சத்தம் கேட்டது. அதற்கிடையில் சும்மா கதை கொடுத்தார். நீங்கள் பாரிஸுக்கு வடக்கே இருக்கும் அந்தப் புறநகர்ப் பக்கத்துப் பிள்ளையா, கதைக்கிற விதத்தில் தெரிகிறது, தன் கணவரும் அங்கேதான் வளர்ந்தவர் என்றார்.

நீ வளர்ந்த அந்த இடத்தை நான் கண்டதில்லை. ரயில் அதைக் கடக்கும்போது எந்தப் பக்கத்து ஜன்னலால் பார்க்க வேண்டும் என்றும் தெரியாது. என் வாயில் இருக்கும் பிரெஞ்சு முழுவதும் உன்னிடம் கேட்டது. நீ எந்தச் சத்தத்தை விழுங்கிக் கதைப்பாயோ அதை நானும் விழுங்குகிறேன் போலிருக்கிறது. எனக்கு அது தெரியாமலே இருந்திருக்கிறது. இல்லை, நான் ஹம்பேர்க்கில் பிறந்தவள் என்று அவருக்கு விளக்கியிருக்கலாம். அந்த வசனம்கூட எனக்கு வரும்.

ஓம், அந்தப் பக்கம்தான் என்று சொன்னேன். பிறகு, கூடாரத்துக்கு மரநிழலில் இடம் கிடைக்குமா என்று கேட்டேன்.