மூன்றடி மண்

இரண்டு மாதம் முன்பு ஆய்வகத்து அலமாரியை ஒழித்தபோது உன் மண் பை கையில் தட்டுப்பட்டது. சணல் கட்டிய பாலித்தீன் பை. மேலே உன் கோணல் எழுத்தில் ‘மூணடி’. பக்கத்தில் சிவப்பு மையில் நான் போட்ட கேள்விக்குறி.

உங்கள் கரிசல் காட்டு நிலத்தில் முன்பு என்ன மரஞ்செடி இருந்தது என்று மகரந்தத்தை வைத்துப் பார்க்க, மூன்றடி ஆழத்து மண் கேட்டேன். திருச்சுழியிலிருந்து காரியாபட்டி வழியாக மதுரைக்கு இரண்டு பைகளை மடியில் வைத்துக் கொண்டுவந்தாய். ஒன்றைத்தான் பிரித்தேன்.

மகரந்தத்தின் வெளித்தோல் லேசில் மட்காது. காற்றுப் புகாத சேற்றில் ஆயிரம் ஆண்டுகூடக் கிடக்கும். கரிசலில் அப்படி இல்லை. நனைந்து காய்ந்து நனைந்து, நுண்ணுயிர்கள் அரித்துத் தின்றுவிடும். உன் மண்ணிலும் பழைய மகரந்த மணிகள் ஓட்டை விழுந்து அடையாளம் தெரியாமல்தான் கிடந்தன. நடுவே நாலைந்து சீமைக்கருவேல மணிகள் மட்டும் தோல் கசங்காமல் இருந்தன. சீமையிலிருந்து நேற்று வந்த மரத்துக்கு மூன்றடி கீழே என்ன வேலை? உடனே போன் போட்டேன்.

“ஏலே, மேல வழிச்சுப் போட்டுட்டு மூணடின்னு எழுதிட்டியா?”

நீ சிரித்தாய். “நம்ம காட்டு வெடிப்புல கையே முழங்கை வரைக்கும் போகுது. பூவு விழாதாக்கும்?”

“தோண்டாதவன் சொல்ற கதை இது.”

சிரிப்பு நின்றது. “தூசி சொன்னா நம்புவ, நான் சொன்னா நம்பமாட்ட. வையிலே போனை.”

பிறகு நான் கூப்பிடவே இல்லை. ஐப்பசியில் மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோனது. துட்டிக்கு வந்து உன் முகத்தைப் பார்த்து நின்றபோதும், தோண்டினாயா இல்லையா என்றுதான் ஓடியது புத்தி.

அலமாரியில் கிடைத்த அந்த இரண்டாவது பையைச் சலித்தேன். சல்லடையில் சுண்டைக்காய் அளவில் வெள்ளைச் சுக்காங்கற்கள் நின்றன. முதல் பையிலும் இருந்திருக்கும்; கல்லைப் பார்க்காமல் எறிவது என் வழக்கம். அப்போதும் நம்பவில்லை. ஆசிட் ஒரு சொட்டு விட்டேன். நுரைத்தது. சுண்ணாம்புக் கல்தான். பஸ் ஏறி உன் காட்டுக்கே வந்து, மேல்மண்ணைப் பத்து இடத்தில் சலித்தேன். ஒரு கல் இல்லை.

உன் அம்மா வரப்பில் வந்து நின்றார்கள். “என்னத்தய்யா தேடுற?”

“சுக்காங்கல்லு, அத்தை.”

“மேல ஏது? கடப்பாரை மூணடி எறங்குனாத்தான் தட்டும். ஒனக்குத் தோண்டிட்டு ரெண்டு நாளா கையில எண்ணெ தேச்சுக்கிட்டுக் கெடந்தானே.”

அவர்கள் போனபிறகு, வெடிப்பு ஒன்றில் கையை விட்டேன். முழங்கை தாண்டிப் போனது.

இப்போது எந்த மண் வந்தாலும், சல்லடையில் நிற்பதை முதலில் பார்க்கிறேன். சந்தேகப்படும் புத்தி போகவில்லைலே. உன் கல் ஒன்று நுண்ணோக்கிக்குப் பக்கத்தில் இருக்கிறது. கண்ணை வைக்குமுன் அதை ஒருமுறை நகர்த்த வேண்டியிருக்கிறது.