பின் டயர் என்று சொல்லி விற்ற சைக்கிள்

பாசமுள்ள மாமாவுக்கு, உங்க மருமக தேவி எழுதுறது.

உங்க சைக்கிளை வித்தாச்சு. சுத்தி வளைச்சுப் பேசினா உங்களுக்குப் பிடிக்காது, அதனால முதல்லயே சொல்லிட்டேன்.

நீங்க எங்களை விட்டுப் போன ஐப்பசியிலிருந்து அது குவார்ட்டர்ஸ் பின்பக்கம் பலா மரத்தடியில சும்மாதான் நின்னுச்சு. உங்க பையனுக்குப் பைக் இருக்கு. எனக்கும் ஒரு ஸ்கூட்டி வந்துடுச்சு. மேல பலாப்பிஞ்சு விழுந்து மட்கார்டு நசுங்கினதும், "வித்துடலாம், யாருக்காவது ஆகும்"னார் உங்க பையன். நானும் சரின்னேன். உங்க சட்டை செருப்பெல்லாம் எப்பவோ எடுத்துக் குடுத்தாச்சு, சைக்கிளை மட்டும் வெச்சுக் கும்பிடவா முடியும்?

அவர் அதைத் தேய்ச்சுக் கழுவி, வெயில்ல நிறுத்தி ஃபோட்டோ எடுத்து, நம்ம டவுன்ஷிப் ப்ளாக் வாட்ஸ்அப் குரூப்ல போட்டார். கீழே 'நல்ல கண்டிஷன்'னு ஒரு வரி. எனக்குச் சுருக்குனு ஆயிடுச்சு. "பின் டயர் கதையை யாரு சொல்றது?"ன்னேன். "வாங்குறவன் பாத்து வாங்கிக்கட்டும். எல்லாத்தையும் சொன்னா எவன் வாங்குவான்?"னார். இவர் உங்க புள்ளைதானான்னு சந்தேகமே வந்துடுச்சு மாமா.

பின் டயர் கதை இந்த ப்ளாக்குக்கே தெரிஞ்சதுதானே. ஓரத்துல கிழிஞ்ச டயர். புதுசு வாங்க மனசு வராம, பழைய டயர்ல ஒரு துண்டு வெட்டி உள்ளே வெச்சு ஓட்டுனீங்க. யாராவது இரவல் கேட்டு வந்தா சாவியைக் குடுக்கறதுக்கு முன்னாடி அந்தப் பாட்டைப் பாடிடுவீங்க. "பின் டயர்ல துண்டு வெச்சிருக்குப்பா. பள்ளத்துல இறக்காத, ரெண்டு பேரா ஏறாத." பாதிப் பேர் பயந்துபோய் நடந்தே போயிடுவாங்க.

சைக்கிளுக்கு மட்டுமா? என்னைப் பொண்ணு பார்க்கக் குள்ளஞ்சாவடிக்கு வந்தப்ப, காபி டம்ளரைக் கையில வாங்கினதுமே ஆரம்பிச்சீங்க. "பையனுக்கு மூக்கு மேல கோவம். முதல் ஷிஃப்டுன்னா எழுப்ப ரெண்டு ஆள் வேணும். குழம்புல உப்பு ஒரு கல்லு கூடினாலும் கண்டுபிடிச்சுருவான். பெறகு தெரியலன்னு சொல்லப்படாது." எங்க அப்பா முழிச்ச முழி இருக்கே! எங்க அத்தை என் காதுகிட்ட வந்து, "இன்னாடி இது, விக்க வந்தவரே மாட்டுக்குச் சுழிக் குத்தம் சொல்லிகினு இருக்காரு"ன்னு சொன்னாங்க. கதவுக்குப் பின்னாடி நின்னு நான் வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சேன். இந்த வூட்டுக்குப் போகலாம்னு அப்பவே முடிவு பண்ணிட்டேன்.

அதனால சைக்கிள் கேட்டு மகேஸ்வரின்னு ஒரு பொண்ணு வந்தப்ப, நீங்க சொல்ற மாதிரியே சொன்னேன். அது டவுன்ஷிப்ல ஒரு கேன்டீன்ல கான்ட்ராக்ட் வேலை பார்க்குது. வீடு வெளியே கிராமத்துல. முதல் ஷிஃப்டுக்கு அவங்க ஊர்ல இருந்து பஸ் இல்லை. "கம்பி வெச்ச சைக்கிளாச்சேம்மா, ஓட்டுவியா?"ன்னேன். "கத்துகினதே கம்பி சைக்கிள்லதாங்க"ன்னு சிரிச்சுது. பின் டயர்ல துண்டு வெச்சிருக்கு, பின்னாடி பாரம் ஏத்தாதே, சம்பளம் வந்ததும் முதல் வேலையா அதை மாத்திடுன்னேன். உங்க பையன் ஜன்னல் வழியா முறைச்சுக்கிட்டே இருந்தார். அந்தப் பொண்ணு, "யாருங்க இவ்ளோ சொல்றாங்க, நீங்க சொன்னதே போதும்"னு ஓட்டிக்கிட்டுப் போயிடுச்சு.

எனக்கு அன்னிக்குப் பெருமையாத்தான் இருந்துச்சு. மாமா பேரைக் காப்பாத்திட்டோம்னு நினைச்சேன்.

அடுத்த வாரம் எனக்கு லீவு. ஸ்கூட்டிக்குக் காத்தடிக்க தாஸ் அண்ணன் சைக்கிள் கடைக்குப் போனேன். "இன்னாம்மா, பெரியவரு சைக்கிளு இன்னா ஆச்சு?"ன்னார். "வித்துட்டோம்ணே. பின் டயர் விஷயத்தை மறைக்காம சொல்லித்தான் குடுத்தேன்"னு கொஞ்சம் மிதப்பாவே சொன்னேன். அவர் பம்பை அப்படியே நிறுத்திட்டார்.

"பின்னாடியா? அந்த டயரு முன்னாடி இல்ல கீது? நாந்தானேம்மா மாத்திக் குடுத்தேன்."

எப்போன்னேன். நான் வடலூர் மருந்துக் கடையில வேலைக்குச் சேர்ந்த புதுசுலயாம். "பின்னாடி மருமவ உக்காந்து வருது. டயர் வெடிச்சா அது லாரி போற ரோட்டுல விழும். நல்லதைப் பின்னாடி போடுப்பா"ன்னு சொன்னீங்களாம். முன் டயர் வெடிச்சா ஓட்டுறவன் மூஞ்சிதான் மொதல்ல போவும் பெரியவரேன்னு அவர் சொல்லியிருக்கார். "போகட்டும், இனிமே பொண்ணு பாக்கவா போறேன்?"னு சிரிச்சீங்களாம். யார்கிட்டயும் சொல்லாதேன்னு வேற சொல்லியிருக்கீங்க.

மிச்சத்தைக் கேட்க நான் நிக்கல. மகேஸ்வரிக்கு ஃபோன் போட்டேன், மணி அடிச்சுக்கிட்டே இருந்துச்சு, எடுக்கல. வேலை நேரத்துல அவங்க கையில ஃபோன் இருக்காது. நேரா கேன்டீன் சைக்கிள் ஷெட்டுக்குப் போனேன். உங்க சைக்கிள் அங்கே நின்னுச்சு. முன் கம்பியில ஒரு பழைய துணியைச் சுருட்டி, கயிறு போட்டு மெத்தை மாதிரிக் கட்டியிருந்துச்சு. அது எதுக்குன்னு அப்போ எனக்குப் புரியல. ஷிஃப்ட் முடியுற வரைக்கும் அதோட ஹாண்டில்பாரைப் பிடிச்சுக்கிட்டே நின்னேன்.

மகேஸ்வரி வந்ததும் விஷயத்தைச் சொன்னேன். அதுக்கு முகம் செத்துப்போச்சு.

"பின்னாடி வீக்குன்னு நீங்கதானேங்க சொன்னீங்க? அதனாலதான் பாப்பாவப் பின்னாடி ஏத்தாம, முன் கம்பியில உக்கார வெச்சிகினு போய்க்கினு இருக்கேன். தெனமும் காலையில எங்கம்மா வூட்ல வுட்டுட்டுதான் வரேன்."

நான் சொன்ன உண்மையாலதான் அந்தக் குழந்தை கிழிஞ்ச டயருக்கு மேல உட்கார்ந்து போயிருக்கு. நான் பொய் சொல்லல. ஆனா நான் சொன்னது நிஜமும் இல்லை. இதுக்கு என்ன பேரு வைக்கிறது?

சைக்கிளைத் தள்ளிக்கிட்டு ரெண்டு பேரும் தாஸ் அண்ணன் கடைக்கு நடந்தோம். அவர் முன் வீலைக் கழட்டி, டயரை உருவி, உள்ளே இருந்த துண்டை எடுத்துக் காட்டினார். நைஞ்சுபோய் அப்பளம் மாதிரி ஆயிருந்துச்சு. டயரைத் தூக்கிப் பிடிச்சா கிழிசல் வழியா எதிர்க் கடை போர்டு தெரியுது. "இன்னும் ஒரு வாரம் தாங்கியிருக்குமா?"ன்னு கேட்டேன். "தாங்கினாலும் தாங்கும், இன்னிக்கே போனாலும் போவும்"னார். புது டயர் நான்தான் வாங்கிக் குடுத்தேன்.

கிளம்புறப்ப மகேஸ்வரி மெதுவாச் சொல்லுச்சு: "தப்பா நெனைக்காதீங்க. நீங்க ஒண்ணுமே சொல்லாம இருந்திருந்தா, நான் ரெண்டு டயரையும் கழட்டிப் பாத்திருப்பேங்க. நீங்க சொன்னதால நம்பிட்டேன்." அந்தப் பொண்ணு கோவமா சொல்லல, அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமா இருந்துச்சு.

வீட்டுக்கு வந்து உங்க பையன்கிட்ட நடந்ததைச் சொன்னேன். குத்திக் காட்டுவார்னு பார்த்தேன். அவர் நேரா பலா மரத்தடிக்குப் போய், சைக்கிள் நின்ன இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துட்டு வந்தார். குழம்புல உப்பு கூடித்தான் இருந்துச்சு, அன்னிக்கு அதையும் கேட்கல.

இப்போ எனக்கு ஒண்ணு ஞாபகம் வருது. நான் வேலைக்குச் சேர்ந்த புதுசுல, காலையில பஸ் ஸ்டாப்புக்குக் கேரியர்ல வெச்சுக் கூட்டிட்டுப் போவீங்க. ஸ்பீடு பிரேக்கர் வந்தா, "தாயி, லேசா இறங்கிக்க"ம்பீங்க. நான் குதிச்சு இறங்கி, நீங்க தாண்டினதும் ஓடிப்போய் ஏறணும். பார்க்கிறவங்க சிரிப்பாங்க, எனக்கு மானம் போகும். அப்புறம் ஒரு நாள்ல இருந்து இறங்கச் சொல்றதையே விட்டுட்டீங்க. நான் மெலிஞ்சுட்டேன்னு நினைச்சு எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா? எங்க அம்மாவுக்குக்கூட ஃபோன் போட்டுச் சொன்னேன்.

பின் டயர் பாட்டை நீங்க நிறுத்தினதும் அப்பத்தான். நான்தான் கவனிக்கல.

ஊரார் பொருளுக்கும் பெத்த புள்ளைக்கும் சுழி சொன்ன மனுஷன், இதை மட்டும் ஏன் மாமா மறைச்சீங்க? எனக்கு உங்க மேல கோவம்தான். அந்தக் குழந்தைக்கு ஏதாவது ஆகியிருந்தா யாரு முகத்துல முழிக்கிறது? ஆனா கோவப்பட்டுக்கிட்டே இருக்கும்போது அழுகை வந்துடுது. ஐப்பசியில வராத அழுகை. சொல்லியிருந்தா நான் கேரியர்ல ஏறியிருக்க மாட்டேன், அவ்வளவு தூரமும் நடந்தே போயிருப்பேன். அது உங்களுக்குத் தெரியும்.

இனிமே இந்த வூட்டுல இருந்து எது வெளியே போனாலும் குறையைச் சொல்லித்தான் குடுப்பேன். ஆனா உங்க வாயால கேட்டதை வெச்சுச் சொல்ல மாட்டேன், நானே கழட்டிப் பார்த்துட்டுத்தான் சொல்லுவேன். இது சத்தியம்.

இப்படிக்கு,
ஸ்பீடு பிரேக்கர்ல இறங்காமலே உட்கார்ந்து வந்த
உங்க மருமக
தேவி