மத்தியானத்துக்குள் ஒரு சொல்

அபிசாவின்ர அப்பா,

நீங்கள் கடலால் வருவதற்குள் வவுனியா பஸ் போய்விடும். அதுதான் எழுதிவைக்கிறேன். சோறும் பாரைக் குழம்பும் குசினியில் மூடியிருக்கிறது. வெளியே போனால் வீட்டைப் பூட்டித் திறப்பைப் பக்கத்து வீட்டு றஞ்சனி அக்காவிடம் குடுங்கோ. பிள்ளை பள்ளிக்கூடத்தால் வந்து அவாவிடம்தான் வாங்குவாள்.

இரவு முழுக்க எனக்கு நித்திரை இல்லை. "கடலில மீன் பிடிச்ச நான், உன்ர விசாவில தொங்கிக்கொண்டு நியூசிலாந்து வந்து ஃபக்டரியில மீன் வெட்டுறதோ?" என்று கேட்டீர்கள். நான் மட்டும் என்ன? இங்கே ஆஸ்பத்திரியில் நேர்ஸ். அங்கே முதியோர் இல்லத்தில் குளிப்பாட்டிவிடும் வேலைதான் கிடைத்திருக்கிறது. எனக்கும் அது லேசில்லை. ஆனால் துணைவர் விசாவில் வருகிறவரும் வேலை செய்யலாமாம். முதலில் கிடைத்ததைச் செய்வோம், பிறகு பிடித்ததைத் தேடுவோம்.

வவுனியாவில் விசா அலுவல் பார்ப்பவர் இன்றைக்கு முடிவு கேட்கிறார். மத்தியானத்துக்குள் எனக்கு ஃபோன் எடுங்கோ. "வாறன்" என்று சொன்னால் மூன்று பேருக்கும் விண்ணப்பம் கொடுப்பேன். இல்லையென்றால் ஒன்றும் கொடுக்காமல் திரும்பி வருவேன். "நான் தனியப் போவன்" என்று நேற்றுச் சொன்னது கோபத்தில் வந்த கதை.

நிதர்சனா

மறந்துபோனேன்: வலை அறுத்த காயத்துக்கு மருந்து அலுமாரியின் மேல்தட்டில். உப்புத் தண்ணி படவிடாதேங்கோ.

இன்னொன்று. விண்ணப்பம் கொடுக்காமல் திரும்பி வந்தால் கோபத்தோடுதான் வருவேன். இப்பவே சொல்லிவிட்டேன்.